உருப்படி

டவாலி மூன்று முறை கூப்பிட்டார்.
மூன்றாவது முறைதான்
அம்சவேணி என்பது நான் என்று உறைத்தது.
கல்மண்டபத்தில் என்னை யாரும்
பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
இஸ்திரி, ஒரு நிமிசம்.
இஸ்திரி, அர்ஜெண்ட்.

கூண்டுக்குக் காத்தாடி எட்டவில்லை.
அரசுத் தரப்பு பதினொன்றாம் சாட்சி,
வயது நாற்பத்தாறு, தொழில் சலவை.
பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள்.
சொன்னேன்.

காக்கி உறையின் அரக்கை உடைத்து
கிளார்க் ஒரு சட்டையை எடுத்தார்.
சந்தன நிறம், நீலக் கோடு.
ஆறு வருஷம் கிடந்த கிடையில்
மடிப்பெல்லாம் தப்பான இடத்தில் விழுந்திருந்தது.
முதலில் எனக்கு அதுதான் கண்ணில் பட்டது,
கறை அப்புறம்தான்.
ரத்தம் பழசானால்
டீக்கறையைவிடக் கேவலமாக இருக்கும்.

'சான்றுப்பொருள் ஏழு. அடையாளம் தெரிகிறதா?'
காலரைத் திருப்பினேன்.
சிவப்பு நூல், மூன்று தையல், குறுக்கே ஒன்று.
டில்லிபாபு வீட்டுக் குறி.
நான் போட்டது.

அவன் மூன்றாம் எதிரி.
ஆமோசுக்கும் சேட்டுக்கும் பக்கத்தில்
வெள்ளைச் சட்டையில் நின்றான்.
முந்தின நாள் சாயங்காலம்
அவன் அம்மா கொடுத்துவிட்டுப் போனது அது.
'கஞ்சி தூக்கலா போடும்மா,
ஜட்ஜு பாப்பாரு.'
போட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகப் பேசுகிற ஆள்.
கோபமே படவில்லை.
ஒரு நாளைக்கு எத்தனை துணி?
நூறு, நூற்றிருபது.
இந்த நூல் எங்கே வாங்கியது?
எம்.சி. ரோடு.
யார் வேண்டுமானாலும் வாங்கலாம்?
வாங்கலாம்.
மூன்று தையல் யார் வேண்டுமானாலும் போடலாம்?
நான் பேசாமல் இருந்தேன்.
அதையும் தட்டச்சு செய்துகொண்டார்கள்.

பெட்டி பட்டு என் பெருவிரல் வளைந்த நாளிலிருந்து
என் தையல் இடதுபக்கம் சாயும்.
அந்தக் கேள்வி
அவர் கையிலிருந்த தாளில் இல்லை.

செத்த வீட்டுத் துணியும்
என் வண்டியில்தான் இருந்தது.
ஏலச்சீட்டு பூபாலனின் இரண்டு வேட்டி,
கோமளாவின் புடவை, பெரியவனின் கம்பெனிச் சட்டை,
யாமினியின் ஸ்கூல் பாவாடை.
பதினாறு மடிப்பு, ஒவ்வொன்றாக வைக்கணும்.
திங்கட்கிழமை காலையில் வாங்கிக்கிறேன்க்கா என்றாள்.
இன்ஸ்பெக்டர் அதை விரித்துப் பார்த்துவிட்டு
'இது கேசுக்கு வேணாம்மா' என்றார்.

ஞாயிறு ராத்திரி ஸ்ட்ரெச்சர் இறங்கும்போது
கூட்டத்தில் எவனோ எண்ணிச் சொன்னான்:
'நாலு உருப்படி.'
அது என் தொழில் வார்த்தை.
அன்றிலிருந்து துணி எண்ணினால்
நாலு வாயில் வருவதில்லை.
நாக்கு ஐந்துக்குத் தாவிவிடும்.

தீர்ப்பு ஒரு புதன்கிழமை.
ஆமோசுக்கும் சேட்டுக்கும் நான்கு ஆயுள்,
ஏககாலத்தில் அனுபவிக்க.
நாலும் சேர்ந்து ஒன்றுதான் என்று
குமாஸ்தா எனக்குப் புரியவைத்தார்.
சான்றுப்பொருள் ஏழுக்கு அரைப் பக்கம்:
பதினொன்றாம் சாட்சி நேர்மையானவராகத் தோன்றினாலும்
அவர் காட்டிய அடையாளம்
ஐயத்துக்கு அப்பாற்பட்டதல்ல.
மூன்றாம் எதிரி விடுதலை.

நேர்மையானவர்.
அந்த ஒரு வார்த்தையை மடியில் வைத்துக்கொண்டு
ஷேர் ஆட்டோவில் திரும்பினேன்.
சில்லறை இல்லை என்று டிரைவர் கத்தினான்.

அடுத்த செவ்வாய் அவன் அம்மா வந்தாள்.
மூட்டையை வண்டிமேல் வைத்துவிட்டு
என்னைப் பார்க்காமல் கரியைப் பார்த்தாள்.
'எல்லாம் பழசு, சேந்து போச்சு.'

எண்ணினேன்.
அடியில் ஒரு பச்சைக் கட்டம் போட்ட சட்டை.
காலரைத் திருப்பினேன்.
மூன்று தையல், குறுக்கே ஒன்று,
இடதுபக்கம் சாய்ந்து.
கொஞ்ச நேரம் பெருவிரலை அதன்மேல் வைத்திருந்தேன்.
பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது.

'எப்ப வரட்டும்?'
வியாழன் என்றேன்.
எட்டு உருப்படி என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
மூட்டையில் ஏழுதான் இருந்தது.